கமர்கட்டு கரையும் வரை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்மாஸ்டர் சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருப்பதியில் ஞாயிறு தவறாமல் கூடும் நம் கேமரா கிளப்பில் ஓய்வு பெறாதவர் என்று யாரும் கிடையாது. யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்கிறது என்று பேசி முடித்து, இட்லி வந்து, இட்லி தீர்ந்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்தில் போட்டோவைப் பற்றிப் பேசுவோம். போன முறை என் படங்களைத் திரையில் போட்டார்கள். "அருமை", "சூப்பர் மேடம்" எல்லாம் வழக்கம்போல வந்தன. போஸ்ட்மாஸ்டர் சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடம், கொஞ்ச நாளா உங்க எல்லாப் படத்துலயும் இடது ஓரத்துல ஏதாவது குப்பை வந்து நிக்குது. இதுல பாதி ஸ்கூட்டர். அதுல யாரோ ஒருத்தரோட முழங்கை. எடுக்கும்போது பாக்கலையா?" என்று கேட்டார்.

பல் டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். யாரோ ஒருவர் அவசரமாக அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போஸ்ட்மாஸ்டர் சாரிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. மனசைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை, வயசாகிவிட்டது, வாய் சும்மா இருப்பதில்லை என்று பாவம் மனிதர் தழுதழுத்தார். மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு: இனிமேல் நிறைகளை மட்டும் சொல்வோம், குறைகளைச் சொல்வதைத் தவிர்ப்போம். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் காட்டவில்லை. எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் போன் செய்தீர்கள்.

கோபம் இல்லை, அலுப்பு. இந்த வயதில் எதையும் விளக்கிச் சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் நீளும். காபி ஆறிவிடும் என்றால் குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

இப்போது நாம் நடத்துவது என் வாழ்க்கையில் இரண்டாவது போட்டோ கிளப். முதலாவது என் சொந்த ஊர் நகரியில், நான் எட்டாம் வகுப்பு படித்தபோது. தசராவுக்குப் பிறகு ஆரம்பித்துப் பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் வரை நடந்தது. அதோடு சரி.

அதை ஆரம்பித்தவர் எங்கள் டிராயிங் மாஸ்டர். மதனப்பள்ளிப் பக்கத்துக்காரர், தெலுங்கு. எங்களோடு பேசும்போது ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். எந்த மொழியில் திட்டு வாங்கினோம் என்று எங்களுக்கே தெரியாது. அவரிடம் ஒரு பெட்டி கேமரா இருந்தது. தோல் உறை, வார் அறுந்து போய் தறி நூலால் கட்டியிருப்பார். ஒரு சுற்றுக்கு ஒரு பிலிம் ரோல். அந்தக் கேமரா ஒவ்வொருவர் வீட்டுக்கும் முறை வைத்துப் போகும். ஆளுக்கு ஒரு படம்தான் எடுக்கலாம். தப்பாக எடுத்தால் அடுத்த சுற்று வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எல்லோரும் எடுத்து முடித்ததும் மாஸ்டர் ரோலைப் புத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுப்பார். பழுப்புக் கவரில் படங்கள் வரும். கவரைப் பிரித்தால் புளித்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். எனக்கு இன்றைக்கும் வினிகர் பாட்டிலைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராயிங் வகுப்பறையில் ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கயிறு கட்டி, துணி கிளிப்பால் படங்களை மாட்டுவோம். முதல் சுற்றில் பாதிப் பேர் நகரி மலையைத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் ஊர் மலை, மல்லாந்து படுத்த மனுஷன் மூக்கு மாதிரி இருக்கும். கயிறு முழுக்க மூக்காகத் தொங்கியதைப் பார்த்து மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு சட்டத்தைச் சொன்னார். படம் எடுத்தவர் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரைந்து முடியும் வரை மற்றவர்கள் பேசுவார்கள், அவர் பதில் பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது. நம் காலத்துக் கமர்கட்டு உங்களுக்கு நினைவிருக்கும். தேங்காயும் வெல்லமும் போட்டுக் கல் மாதிரி உருட்டியது. ஒரு கன்னத்தில் அடக்கினால் ஒரு பீரியடு தாங்கும். "ஐயோ அது அப்படி இல்லை, அன்றைக்கு வெயில் இல்லை, தம்பி இடித்துவிட்டான்" என்று சொல்ல வாய் துடிக்கும். வெல்லத் தண்ணீரைத்தான் விழுங்க முடியும்.

மற்றவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. "முந்து கனபடிந்தி செப்பண்டி" என்பார். முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நல்லது, கெட்டது, எப்படி மாற்றலாம் என்பதெல்லாம் அப்புறம். ஆனால் கண்ணில் பட்டதை மட்டும் சொல்வது எவ்வளவு கஷ்டம்! எல்லோரும் நேராகத் தீர்ப்புக்குத் தாவுவோம். மாஸ்டரும் தாவுவார், அவர் சட்டம் அவருக்கே பிடிபடவில்லை. அதை அப்படியே கடைப்பிடித்தவள் ஒரே ஒருத்திதான்.

அவள் பஸ் கண்டக்டர் மகள். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவளை எனக்குப் பிடிக்காது. முகத்தில் அடித்த மாதிரிப் பேசுவாள். ஒருத்தி தன் குட்டித் தங்கையை அழகாக உட்கார வைத்து எடுத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் "எவ்ளோ சோக்கா கீது" என்று உருகிக்கொண்டிருந்தபோது, "பாப்பா மூக்குல சளி ஒழுவுது" என்றாள் கண்டக்டர் மகள். சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் சளியைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தெரியவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு பவர்லூம் ஷெட்டில் வேலை. வாசலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒரு தறி, வலப்பக்கம் ஒரு தறி, இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவில், அதாவது நீளவாட்டில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தாலும் உடனே தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். விட்டால் துணியில் நீளமாகக் கோடு விழுந்துவிடும். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், சாயப் பட்டறையில் வேலை. அவர் கை ஒவ்வொரு வாரமும் ஒரு நிறத்தில் இருக்கும். நீலம் ஓடும் வாரத்தில் மணிக்கட்டு வரை நீலம். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும்.

அந்தப் பருவம் முழுக்க என் வீட்டில் நிம்மதி இல்லை. அம்மா பார்த்த இடப்பக்கத் தறியில் கோடு விழுந்துகொண்டே இருந்தது. முதலாளி முதலில் தறியைச் சந்தேகப்பட்டார். மெக்கானிக் வந்து கழற்றிப் பூட்டினார். பிறகும் கோடு. அம்மாவை வேறு ஜோடித் தறிக்கு மாற்றினார்கள். அங்கேயும் இடப்பக்கத் தறியில்தான் கோடு. "கவனம் எங்கம்மா கீது உனக்கு? ஒயுங்கா பாக்க முடியலன்னா சொல்லிடு, ஆளா இல்ல?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். தறி கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அம்மாவுக்கு. அம்மா வீட்டுக்கு வந்ததும் என் மேலே எரிந்து விழுவாள்.

இன்னொரு சண்டை, சத்தமே இல்லாமல் நடந்தது. எங்கள் நைனா வாய் திறந்து சோறு கேட்கமாட்டார். அவர் அப்பாவும் கேட்டதில்லையாம். தட்டை லேசாக முன்னால் தள்ளுவார், அம்மா பார்த்துப் போடுவாள். அடுப்புக்கு இடப்பக்கச் சுவர் ஓரம்தான் எப்போதும் அவர் இடம். அந்த மாதங்களில் அவர் தட்டைத் தள்ளுவார், அம்மா பாட்டுக்குச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். நைனா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அரை வயிற்றோடு எழுந்து கை கழுவுவார். ஒரு நாள், "நான் துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா, இந்த வூட்ல யாருக்குக் கவலை?" என்றார். "நான் இன்னா பண்ணேன் இப்போ?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இருவரும் பேச்சையே விட்டுவிட்டார்கள். வீட்டில் மூன்று பேர். இரண்டு பேருக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் வேலை எனக்கு. "நைனா கிட்ட வெந்நி வெச்சிட்டேன்னு சொல்லு." அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

இந்த நிலைமையில்தான் நான் அம்மாவைப் படம் எடுத்தேன். மூன்று சுற்றிலும் அம்மாவைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றுமில்லை, எனக்கு அம்மாவைப் பிடிக்கும். கேமராவைத் தூக்கினால் அன்றைக்கு மட்டும் சிரிப்பாள்.

முதல் படத்தில் வாசல்படியில் நிற்கிறாள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, வலது கன்னம்தான் கேமராவுக்குத் தெரிகிறது. நான் கமர்கட்டை அடக்கிக்கொண்டு நின்றேன். "ஸ்டுடியோவுல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க" என்றான் ஒருவன். "போஸு" என்று சிரித்தாள் இன்னொருத்தி. மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். "அம்மாவை நேரா பாக்கச் சொல்லு. நடிப்பு வேண்டாம், நேச்சுரல்கா உண்டாலி, இயல்பா இருக்கணும்" என்றார்.

இரண்டாம் சுற்றுக்கு நான் கண்டிப்பான போட்டோகிராபராக வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, நேரா பாரு."

"பாத்துக்கினுதான் கீறேன்."

"இல்ல, மூஞ்சி திரும்பிக்கினு கீது. நேரா."

"நேராத்தான்டி பாத்துக்கினு கீறேன். இதுக்கு மேல இன்னா நேரு?"

போய்த் தாடையைப் பிடித்து நேராக வைத்துவிட்டு வந்தேன். கேமராவைத் தூக்கிப் பார்ப்பதற்குள் முகம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. திரும்பப் போய் வைத்தேன், திரும்பவும் அதே கதை. வேலை கிடக்கிறது என்று அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், அவசரத்தில் அமுக்கிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பேச்சு. "உங்க அம்மாவுக்கு உன் மேல கோவமா? மூஞ்சத் திருப்பிக்கினு கீறாங்க" என்றார்கள். "நான் சொன்னதை நீ சொல்லலையா?" என்று மாஸ்டர் கேட்டார். வாயில் கமர்கட்டு. சொன்னேன் சார், நேராகத்தான் பார்க்கிறேன் என்கிறாள் சார் என்று சொல்லவிடாமல் அது நாக்கை அழுத்தியது. கண்டக்டர் மகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிட்டே வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது படம் பொங்கலுக்கு முன்னால் எடுத்தது. வீட்டு வாசலில் பாய் விரித்து, அரிசியைக் கொட்டி, அம்மா கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். இந்த முறை நேராகப் பார் என்று நான் சொல்லவே இல்லை, சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. "அம்மா" என்று கூப்பிட்டேன், நிமிர்ந்து சிரித்தாள், அமுக்கினேன். கேமராவை இறக்கிய பிறகுதான் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பாயின் அந்தப் பக்க ஓரத்தில் நின்று அரிசியைத் தின்றுகொண்டிருந்தது. நான்தான் ஓடிப் போய் விரட்டினேன். "அய்ய, இது எப்போ வந்துச்சு?" என்றாள் அம்மா. அதோடு இருவரும் மறந்துவிட்டோம்.

கயிற்றில் அந்தப் படம் ஏறியதும் வகுப்பே சிரித்தது. அம்மாவின் இடது முட்டியை ஒட்டி ஆடு, அதன் வாய் அரிசியில், அம்மா ராணி மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறாள். "ஆட்டுக்கு விருந்து" என்றான் ஒருவன். "ஆடுதான் நேரா பாக்குது, அம்மா இல்ல" என்றான் இன்னொருவன். மாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கமர்கட்டு தொண்டையில் போய்விடும் போல இருந்தது.

கண்டக்டர் மகள் எழுந்து வந்தாள். "சார், அவளோட பழைய ரெண்டு படமும் வேணும்" என்றாள். மாஸ்டர் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினாள்.

"மூணுலயும் அவங்க அம்மா ஒரே பக்கமாத் திரும்பிக்கினு கீறாங்க. வலது கண்ணாலதான் பாக்கறாங்க. ஆடு இந்தப் பக்கம் கீது. மேலயே வந்து நிக்குது, அவங்க பாக்கல." என் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மாவுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. என் அம்மாவைக் குருடி என்று சொல்லிவிட்டாள், அத்தனை பேர் முன்னால். கமர்கட்டை வெளியே துப்பிவிட்டு அழுதேன். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்டோ குறிஞ்சி மாட்லாடு, போட்டோவைப் பத்திப் பேசு. வீட்டு மனுஷங்களைப் பத்தி இல்ல. அவகிட்ட சாரி சொல்லு" என்றார்.

அவள் திரும்பி அந்தப் படங்களைப் பார்த்தாள். "கனபடிந்தி, செப்பினா சார்" என்றாள். தெரிந்தது, சொன்னேன், அவ்வளவுதான். சாரி கேட்கவில்லை. "அப்படின்னா நீ இனிமே வர வேண்டாம்" என்றார் மாஸ்டர். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மூன்று படங்களையும் உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அழுகை பாதி வழியில் நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கு ஆடு நினைவுக்கு வந்தது. என் அம்மா அடுத்த தெருவில் ஆடு வந்தாலே முறத்தைத் தூக்குகிறவள். அவள் முட்டியில் ஆடு மூச்சு விட்டிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். நைனா அவர் இடத்தில், அம்மா அடுப்படியில். பேச்சு கிடையாது. நைனா தட்டை முன்னால் தள்ளினார். அம்மா பார்க்கவில்லை.

"நைனா, இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"வாயேன்."

அவர் தட்டை நானே எடுத்து அம்மாவின் வலப்பக்கம் வைத்தேன். முறைத்தபடி வந்து உட்கார்ந்தார். தட்டைத் தள்ளினார். அம்மா உடனே ஒரு கரண்டி சோறு போட்டாள், குழம்பும் ஊற்றினாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பல வருஷப் பழக்கத்தில். நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனார். தள்ளினார். அம்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது நீலம் ஓடிய வாரம். நைனா தன் நீலக் கையை மெதுவாகத் தூக்கி அம்மாவின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய் ஆட்டினார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

நைனா கையைக் கீழே போட்டார். அத்தனை மாதமும் பசியோடு எழுந்து போன மனிதர். அவர் முகத்தை நான் அன்றைக்குப் படம் எடுக்கவில்லை, எடுக்காமலே மனதில் நிற்கிறது.

"நாளைக்குத் தறிக்குப் போவாத. திருப்பதி போலாம்" என்றார். அவர் நேராக அம்மாவிடம் பேசியதில் அம்மா பயந்து போய், "ஏன், யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

புத்தூர் வழியாகப் பஸ். அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தோம். இடப்பக்க ஜன்னல். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, அவளுக்கு அந்த ஜன்னலால் ஒரு பயனும் இல்லை என்று. எழுந்து இடம் மாறச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, ஏதேதோ பார்த்தார்கள். கண்ணுக்குள்ளே பிரஷர் என்றார் டாக்டர். இடது கண்ணின் நரம்பு போய்விட்டது, திரும்ப வராது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, ஆனால் மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் காப்பாற்றலாம். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "ஒரு கண்ணு தெரியலைன்னு உனக்கே தெரியலையாம்மா?"

"தெரியாது சார்" என்றாள் அம்மா.

அதை யாரும் நம்பவில்லை. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது. ஒரு கண் போனது ஒருத்திக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நைனா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே, "தறி போய்டும்னு மறைச்சிட்டியா? எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டு அழுதார். அத்தை வந்து, "குடும்பத்துக்காக எல்லாத்தையும் தாங்கிக்கினா" என்று தெருவெல்லாம் சொன்னாள். மறைத்துவிட்டாள் என்ற குற்றம் கொஞ்ச நாளில் தியாகம் என்று பெயர் மாறியது. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார்கள். அம்மா, "மறைக்கலடி, எனக்கு நெசமாவே தெரியாது" என்பாள். எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். வயதான காலத்தில் அவள் மறுப்பதையும் விட்டுவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்த அன்றைக்குக்கூட அந்தத் தியாகத்தைப் பேசித்தான் அழுதார்கள்.

முதலாளி அவளை நூல் சுற்றும் வேலைக்கு மாற்றினார். வலது கண் கடைசி வரை நின்றது. நைனா அடுப்புக்கு வலப்பக்கம் இடம் மாறினார், கடைசி வரை அங்கேயே சாப்பிட்டார். வாய் திறந்து கேட்கும் பழக்கம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "நீதான் சொன்னியா?" என்று கேட்டாள். அவள் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பின்னலை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டு, "ஆடு எல்லா அரிசியும் துன்னுடுச்சா?" என்று கேட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள். கோடை லீவில் கண்டக்டருக்குக் குப்பம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்கள். ராமகுப்பத்தில் வீடு பிடித்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் நைனாவே நேரில் போய் நடந்ததைச் சொன்னார். மாஸ்டர் கலங்கிவிட்டார், என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண்ணை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. நல்ல மனிதர்தான். எங்களுக்கெல்லாம் கமர்கட்டு கொடுத்தவருக்கு, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அவள் இல்லாத கிளப்பில் எல்லோரும் எல்லாப் படத்தையும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான்கைந்து வாரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்த மூன்று படங்களும் அம்மாவின் தகரப் பெட்டியில் ரொம்ப காலம் இருந்தன. வீடு மாறும்போது பெட்டியோடு போய்விட்டன. ஆட்டின் முகம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது திரும்ப நம் கிளப்புக்கு வருகிறேன். போஸ்ட்மாஸ்டர் சார் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியைக் கேட்டு முடித்ததும், நான் கம்ப்யூட்டரில் என் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஸ்கூட்டர், முழங்கை, பிளாஸ்டிக் குடம், ஒரு படத்தில் முழுசாக ஒரு நாய். எல்லாம் இடது ஓரத்தில். எடுக்கும்போது அவை எதுவும் அங்கே இல்லை என்று என்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முடியும்.

மறுநாள் நீங்கள் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிரஷர்தான். இது அம்மா வழியில் வருமாம். நான் கேமராவில் வைத்துப் பார்க்கும் இடது கண்ணில் நிறையவே போயிருக்கிறது, வலதிலும் தொட்டிருக்கிறது. இனிப் போகாமல் நிறுத்தலாம் என்கிறார்கள். மருந்து விட ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் பெண், என் மகள் வயதிருக்கும், கேட்டாள்: "இவ்வளவு போயிருக்கே, உங்களுக்கே தெரியலையாம்மா?"

"தெரியாதும்மா" என்றேன்.

நிஜமாகவே தெரியாது. அங்கே இருட்டாகத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இருட்டு இல்லை, ஓட்டை இல்லை, மங்கல்கூட இல்லை. உலகம் முழுசாகத்தான் இருக்கிறது, அதில் ஆடு மட்டும் இல்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவை நினைத்து அழுதேன். அவள் மறைக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று போய்ச் சொல்வதற்கு இப்போது அந்த வீட்டில் நைனா இல்லை, அத்தை இல்லை, அவளும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் புது விதியை எடுத்துவிடுங்கள். எனக்கு இனி "அருமை" வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் படங்களைப் போடுங்கள். மேற்கு மாட வீதிப் பக்கம் ஒரு கடையில் கமர்கட்டு கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன். பல் போனால் பல் டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிற்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் சார், நீங்கள் ஆரம்பியுங்கள். இடது ஓரத்தில் என்ன இருக்கிறது?